முகம் பார்க்காத மூன்று மீற்றர்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். பேசியவர் என்னோடு கடைசி ஐந்தாறு வருடம் வேலை செய்த பெண்மணி. பிலிம் சுருள்களுக்கான பழைய பதிவு அட்டைகளை எல்லாம் இப்போது கணினியில் ஏற்றுகிறார்களாம்.

"ஹெர் குலசிங்கம், தொண்ணூற்றாறுக்குப் பிறகு வந்த அட்டை எல்லாத்திலயும் பின்பக்கம் உங்கட எழுத்தில ஏதோ நிறையக் கிடக்குது. எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அதையும் படம் பிடிச்சுப் போடவோ, விடவோ?" என்று கேட்டார்.

"போடுங்கோ" என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது, பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதைச் சொல்வதற்குத் தொலைபேசி காணாது. அந்தப் பெண்மணி பேசியது சுவிஸ் ஜேர்மன்தான். முப்பது வருடமாக அந்த மொழி என் காதில் எங்கள் தமிழாகத்தான் விழுகிறது, விழுந்தபடியே எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது பழைய பிலிம் சுருள்களைச் சுத்தமாக்கி, ஒட்டுப்போட்டு, புதுப்பிரதி எடுக்கும் ஒரு சின்ன வேலைத்தலத்தில். ஷாஃப்ஹவுசன் நகரில் ஆற்றோரமாக இருந்த பழைய நெசவாலைக் கட்டடத்தின் நிலத்தளம் எங்களுடையது. கோயிலில் கண்டால் எங்கள் ஆட்கள், "படக்கொம்பனியிலயாம் வேலை, நடிகையளைக் கண்டனீங்களோ?" என்று பகிடி விடுவார்கள். நான் கண்டதெல்லாம் குதிரையும் காய்ந்த புல்லும்தான். எண்பதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து, முகாமில் கொஞ்சக் காலம், உணவகத்தில் கோப்பை கழுவிக் கொஞ்சக் காலம் என்று கழித்த பிறகு தொண்ணூற்றொன்றில் அந்த வேலை கிடைத்தது. மூன்று மாதத்தில் பழகிக்கொண்டேன். விரல் பதமாக இருந்தால் போதும் என்று எடுத்தார்கள், எனக்கு விரல் பதம்.

எடுத்தவர் அங்கே பொறுப்பாக இருந்த ஃபிறாவ் எக்லி. உயரமான மனிசி, சாம்பல் நிற மேலங்கி, தலைமயிரைச் சீப்பால் இழுத்துக் கட்டியிருப்பார். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது பையில் போடுவார். அன்றைய முதல் பிலிம் தகரத்தைத் திறந்து, பிலிம் பழுதாகிவிட்டதா என்று கையை நீட்டிப் பிடித்தபடி மணந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்து "குட்டன் மோர்கன்" என்ற காலை வணக்கம் வரும். மணம் சரியில்லாத நாளில் அது மத்தியானம்தான் வரும். என் பெயரை ஓர் எழுத்துத் தவறாமல் சொன்ன ஒரே சுவிஸ்காரி அவர்தான். புகழ்ந்து ஒரு சொல் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை, ஏச்சும் கேட்டதில்லை.

அந்தக் காலத்துப் பிலிம் லேசில் தீப்பிடிக்கும். பற்றினால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. மோதிரத்தைக் கழற்ற வேண்டும். பஞ்சுக் கையுறை போட வேண்டும். சுருளைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, இரண்டு விரலுக்கு நடுவே ஓரத்தை ஓடவிட வேண்டும். துளை கிழிந்த இடம், பழைய ஒட்டு, பிசுபிசுப்பு எல்லாம் கண்ணுக்கு முன்னம் விரலுக்குத் தெரியும். பழுதை வெட்டி, ஒட்டி, கடைசியில் நீளத்தை அளந்து அட்டையில் எழுத வேண்டும். வெட்டிய துண்டுகளைத் தீப்பற்றாமல் இருக்கத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் போட வேண்டும். எங்கள் பீப்பாய் நிறைய ஒரு வருடம் ஆகும், நிறைந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். புதுப்பிரதி எடுத்து முடிந்ததும் மூலச்சுருளை எரிக்க அனுப்பிவிட வேண்டும். அவ்வளவு ஆபத்தான சாமானை அந்தக் கட்டடத்தில் வைத்திருக்க அனுமதி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. ஒரு படக்கட்டம் வெட்டினாலும் அட்டையில் எழுத வேண்டும். ஏன் வெட்டினாய், எவ்வளவு வெட்டினாய் என்று இரண்டே விடயம் எழுதினால் போதும். படத்தில் என்ன இருந்தது என்று எழுதத் தேவையில்லை.

"நாங்கள் படம் பாக்கிறேல்லை, ஹெர் குலசிங்கம்" என்பார் ஃபிறாவ் எக்லி. "நாங்கள் பிலிம் பாக்கிறம். படம் பாக்கத் துவங்கினா விரல் பிழைக்கும்."

எங்களுக்கு நிறைய வேலை தந்தவர் ஓர் ஆங்கிலேயர். ஹாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் வீடு வாங்கிக் குடியிருந்தவர். இங்கிலாந்தில் பெரிய மாளிகைகள் விலைப்படும்போது மேல்வீட்டில் கிடக்கும் பிலிம் தகரங்களை வாங்கிவருவார். முதல் யுத்தம் முடிந்த காலத்தில் துரைமார் தங்கள் நிலத்தைத் தாங்களே பார்த்து மகிழ எடுப்பித்த படங்கள் அவை. புல்லுவெட்டு, உழவுக்குதிரை, ஆற்றில் செம்மறி குளிப்பாட்டுவது, தேவாலயத்துத் திருவிழா, கிரிக்கெட். அதையெல்லாம் தொகுத்து, வயலின் இசை போட்டு, வீடியோ கசெற்றாக்கி, ஊரைவிட்டு வந்து உலகமெல்லாம் கிடக்கும் வயதான ஆங்கிலேயர்களுக்கு விற்றார். விற்கிறவர் மட்டுமல்ல, மனுசன் பார்த்து அழுகிறவர். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று, சின்னத் திரையில் குதிரை வண்டி போகிறதைப் பார்த்துக் கண் துடைப்பார்.

"அந்தக் காலத்தில எல்லாரும் சந்தோசமா இருந்தவை" என்பார்.

எனக்கு எரிச்சல் வரும். குதிரைகள் கொழுகொழு என்றிருந்தன, அது உண்மை. பக்கத்தில் நடந்த மனிதர்களின் சப்பாத்து வாய் பிளந்திருந்தது. பிள்ளைகளின் கால் குச்சி போல. துரைசாணி தொப்பியோடு வந்து பரிசு கொடுக்கும்போது வாங்குகிறவர் எல்லாரும் குனிந்து நின்றார்கள். சந்தோசமாக இருந்தது படம் எடுப்பித்தவர்தான். இது எனக்குத் தெரிந்ததைவிட ஹாலமுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு தகரத்தோடும் ஒரு தாள் தந்துவிடுவார். வெறுங்கால் பிள்ளைகள், கூரை விழுந்த வீடு, நொண்டுகிற கிழவன் என்று வெட்ட வேண்டியவை அதில் இருக்கும். நான் வெட்டுவேன், ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதுவேன். பார்த்து அழுகிறவர்கள் இன்பமாக அழ வேண்டும் என்பது அவருடைய வியாபாரம்.

நான் மட்டும் திறமோ? இந்த இடத்தில் என் மற்றத் தொழிலைச் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக் கசெற்றுகளை நான்தான் வெட்டித் தொகுத்துக் கொடுப்பேன். பிலிம் வேலை தெரிந்தவன் என்று சூரிச்சிலிருந்தும் தேடி வருவார்கள். அதற்கும் ஒரு தாள் உண்டு, ஆனால் யாரும் எழுதித் தருவதில்லை. எங்கள் ஆட்களுக்குச் சொல்லவே தேவையில்லை. மாப்பிள்ளை அழைப்பில் கணவனை இழந்தவர் எதிரே வந்தால் வெட்ட வேண்டும். வெறுங்குடம், வெறும் வாளி தெரிந்தால் வெட்ட வேண்டும். ஆராவது மூக்குச் சிந்தி அழுதால் வெட்ட வேண்டும். நல்ல காரியத்தின் தொடக்கத்தில் முழிவியளம், அதாவது முதலில் எதிர்ப்படுவது, சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வருடக்கணக்காக வெட்டி வெட்டி, யோசிக்காமலே கை போகும் நிலைக்கு வந்துவிட்டேன்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் ஹாலம் தந்த தகரம் ஒன்றில் புல்லுவெட்டுப் படம் இருந்தது. வெள்ளி காலை. மணம் நல்ல மணம், "குட்டன் மோர்கன்" நேரத்துக்கே கிடைத்தது. ஊரில் சனம் எல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு மூட்டை முடிச்சோடு இறங்கிய மாதம் அது. அம்மா எங்கே நிற்கிறார் என்று தெரியாது. விரல் பிலிமில், மனம் அங்கே.

மாலை கட்டிய புல்வண்டி ஒன்று புறப்பட நின்றது. அதற்கு முன்னால் ஒரு வேலிப்படலை திறந்தது. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வெளியே வந்தார். கையில் வாளி. வாளி லேசாக ஆடியதால் வெறும் வாளி என்று தெரிந்தது. கணவனை இழந்தவர் உடுப்பது அவர்களுக்குக் கறுப்பு, எங்களுக்கு வெள்ளை, அது எனக்கு விளங்கும். வண்டிக்கு எதிரே நேராக நடந்து வந்தார். என் கை கத்தரியை எடுத்தது, இரண்டு பக்கமும் வெட்டியது, ஒட்டியது, துண்டைப் பீப்பாய்க்குள் விட்டது. மூன்று மீற்றர் இருக்கும், ஓடவிட்டால் பத்து விநாடி. ஹாலமின் தாளில் அது இல்லை. அட்டையில் நான் எழுதவும் இல்லை. வெட்டியது நினைவில் நின்றால் அல்லவா எழுதுவதற்கு. நீளத்தை அதன் பிறகுதான் அளந்தேன், அதனால் அளவில் ஒரு பிசகும் தெரியவில்லை. பிரதி எடுத்தார்கள். மூலம் எரிக்கப் போனது.

அடுத்த ஆவணி மாதம் ஒரு கடிதம் வந்தது. கசெற்றுப் பெட்டியில் இருந்த எங்கள் முகவரியைப் பார்த்து ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஒரு மூதாட்டி எழுதியிருந்தார். ஃபிறாவ் கெல்லர். பெயர் சுவிஸ், பிறப்பு இங்கிலாந்து. பிள்ளை பார்க்கும் வேலைக்கென்று இருபது வயதில் வந்து, ஒரு ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கியவர். ஃபிறாவ் எக்லிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். நின்றுகொண்டே வாசித்தேன்.

தன் ஊரைக் கசெற்றில் கண்டுவிட்டதாக அவர் எழுதியிருந்தார். அந்தப் படம் எடுத்த கோடையில் தனக்கு ஏழு வயது. அந்த வருடம் சித்திரையில் தகப்பன் வண்டிக்குக் கீழே அகப்பட்டுச் செத்துப் போனார். மாரியில் பள்ளிக்கூடத்தில் வெள்ளைத்துணி கட்டி ஊருக்குப் படத்தைக் காட்டினார்கள். அதில் வண்டி புறப்பட முதல் தன் தாய் படலையைத் திறந்துகொண்டு வந்து எல்லாரையும் பார்த்தார். அடுத்த வசந்தத்துக்கு முன் தாயும் போய்விட்டார். புகைப்படம் எடுக்கிற ஆட்கள் அல்ல நாங்கள் என்று எழுதியிருந்தார். கசெற்றில் வண்டி நிற்கிறது, படலை தெரிகிறது, உடனே வண்டி ஓடுகிறது, தாயைக் காணவில்லை. முறைப்பாடு செய்யவில்லை, சாக முதல் இன்னொருக்கால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று முடித்திருந்தார்.

வாசித்து முடிக்க முன்னமே அந்தப் படலையும் வாளியும் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டன. ஃபிறாவ் எக்லி அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"அட்டையில அந்த இடத்தில ஒரு வெட்டும் இல்லை. ஹெர் குலசிங்கம், நீங்கள் எழுதாமல் ஏதாவது எடுத்தனீங்களோ?"

அவருடைய மேசையில் இன்னொரு தாள் கிடந்தது. எனக்கும் என் மனிசி மலருக்கும் இந்த நாட்டில் தங்க நிரந்தரமான பெர்மிட் கேட்டு விண்ணப்பித்திருந்தோம். அதற்கு வேலை கொடுப்பவரின் கடிதம் வேண்டும். அதை அவர் அந்தக் கிழமை எழுதுவதாக இருந்தது. வேலை போனால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் ஊர். ஊர் அப்போது போகக்கூடிய இடமாக இல்லை.

"இல்லை" என்றேன்.

அவர் என்னை இரண்டாம் தரம் கேட்கவில்லை. என் சொல்லை நம்பினார் என்பதைவிட அட்டையை நம்பினார் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கே பதில் எழுதினார். மிகவும் மரியாதையான கடிதம். எங்கள் பதிவுகளின்படி அந்த இடத்தில் எதுவும் நீக்கப்படவில்லை, இத்தனை வருடத்துக்குப் பிறகு சிறுவயது நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது எவருக்கும் இயல்பு, வருந்துகிறோம் என்று இருந்தது. ஆங்கிலத்தில் மாற்றி எழுதியவன் நான். தபாலில் போட்டவனும் நான்.

வீட்டில் மனிசியிடம் சொன்னேன். மலர் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தா. கேட்டுவிட்டு, வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டா.

"உங்கட தங்கச்சியின்ர கலியாணக் கசெற் வந்தது நினைவிருக்கோ? மாமா இல்லாதபடியா மாமி கதவடியில ஒதுங்கி நிண்டவா. நீங்கள் அதைத் திருத்திறன் எண்டு எடுத்தனீங்கள். இப்ப அந்தக் கசெற்றில அவ இல்லை."

"அது வேற, மலர்."

"என்ன வேற? உங்கட அம்மாவை வெட்டின அதே கைதானே."

அம்மாவிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பீப்பாயைத் திறந்தேன். நிறையவில்லை, எனவே எடுத்துப்போகவும் இல்லை. துண்டு அதற்குள்தான் இருக்க வேண்டும். கையை முழங்கை வரை விட்டு அள்ளினேன். வந்தது எல்லாம் கண்ணாடி போல வெளுத்த நாடா. மாதக்கணக்காகத் தண்ணீரில் ஊறிப் படப்பூச்சு கழன்று, அடியில் கரிய சேறாகக் கிடந்தது. நீளம் பார்த்துத் தேடினேன். மூன்று மீற்றர் அளவில் மட்டும் நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எது நொண்டிக்கிழவன், எது வெறுங்கால் பிள்ளை, எது அந்தத் தாய் என்று தெரியவில்லை. திரும்பத் தண்ணீருக்குள்ளேயே விட்டேன்.

சனிக்கிழமை ரயிலேறி ஓல்டனுக்குப் போனேன். கொண்டுபோக ஒன்றும் இல்லை. உண்மையையாவது சொல்லிவிட்டு வருவோம் என்று போனேன்.

ஃபிறாவ் கெல்லர் தண்டவாளம் தெரியும் யன்னல் ஓரமாக இருந்தார். சின்ன உருவம், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. நான் இன்ன இடத்திலிருந்து வருகிறேன் என்றதும் எழும்பப் பார்த்தார், நான் விடவில்லை. கசெற்றுப் பெட்டிக்குள் எங்கள் கடிதத்தை மடித்து வைத்திருந்தார்.

"நல்ல கடிதம்" என்றார். "எனக்கு இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் எழுதினதில்லை. எழுபத்தஞ்சு வருசமா இல்லாத ஒண்டைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். என்ர மனுசனுக்குச் சொன்னனான், பிள்ளையளுக்குச் சொன்னனான். பாவம், எல்லாரும் நம்பிப்போட்டினம்."

"நீங்கள் சொன்னது பொய் இல்லை, மேடம். அவ அதில இருந்தவா. நான்தான் வெட்டினனான். அட்டையில எழுதேல்லை. கேட்டபோது இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

அவர் என்னையே பார்த்தார். "ஏன் வெட்டினீங்கள்?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஆட்களுக்குள் நல்ல காரியம் தொடங்கும்போது கணவனை இழந்தவர் எதிரே வரக்கூடாது, வெறும் வாளியும் வரக்கூடாது, கலியாணப் படம் வெட்டி வெட்டிப் பழகிய கை என்று சொன்னேன். என் வாயால் சொல்லக் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"வாளியோ?" என்றார்.

"ஓம். வெறும் வாளி. இடது கையில."

"வாளி ஒண்டும் இல்லையே" என்றார் மெதுவாக. "அம்மா வெறுங்கையோட வந்தவா. எனக்கு அப்பிடித்தான்..." நிறுத்தினார். பிறகு கதிரையில் முன்னுக்கு வந்து கேட்டார். "அவ சிரிச்சவாவோ?"

நான் யோசித்தேன். படலை தெரிந்தது. கறுப்புச் சட்டை தெரிந்தது. வாளியின் பிடியில் சுற்றியிருந்த துணிகூடத் தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஓம் என்று சொல்லியிருக்கலாம், ஒரு சொல்தானே. ஆனால் இந்த மனிசிக்கு ஏற்கனவே ஒரு பொய்யைத் தபாலில் அனுப்பியவன் நான்.

"முகம் பாக்கேல்லை" என்றேன்.

அவர் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தார். யன்னலுக்கு வெளியே ஒரு ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நீங்கள் நல்ல மனுசன். கிழவி கவலைப்படுவாள் எண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். ஆனா என்ர அம்மாவைக் கண்டவை முகத்தைப் பாக்காமல் விட மாட்டினம். நீங்கள் கண்டது வேற ஆரையோ."

இன்னும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், பிள்ளைக்குச் செய்வதுபோல. போகும்போது இனிப்பு ஒன்று எடுத்துத் தந்தார்.

திங்கட்கிழமை ஃபிறாவ் எக்லி கடிகாரத்தைக் கழற்ற முதலே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அட்டையை எடுங்கோ" என்றார். எடுத்தேன். மூன்று மீற்றர் வெட்டப்பட்டது, பதியப்படவில்லை என்று தன் கையால் எழுதி, அன்றைய திகதியைப் போட்டார். ஃபிறாவ் கெல்லருக்கு நினைவு தவறிவிட்டது என்று கையெழுத்துப் போட்டவர் அவரல்லவா. இரண்டாவது கடிதம் எழுதி அனுப்பினார். இரண்டு கிழமையில் இல்லத்திலிருந்து பதில் வந்தது. ஃபிறாவ் கெல்லர் நலமாக இருக்கிறார், இந்த விடயமாக இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார் என்று இருந்தது. கசெற்றையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பெர்மிட்டுக்கான கடிதமும் தந்தார். அதில், நேரத்துக்கு வருவார், கருவிகளைச் சுத்தமாக வைத்திருப்பார் என்று மட்டும் இருந்தது. நேர்மையானவர் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன், இல்லை. கலியாணக் கசெற் வேலையை அந்த மாதத்தோடு விட்டேன். பெர்மிட் கிடைத்தது. அம்மா அடுத்த வருடம் வன்னியில் காய்ச்சலில் போய்விட்டார். தங்கையின் கலியாணக் கசெற்றில் அவர் நின்ற கதவடி மட்டும் இருக்கிறது.

அட்டைகளின் பின்பக்கம் எழுதத் தொடங்கியது அந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான். என் கையால் போன ஒவ்வொரு சுருளிலும், வெட்டினாலும் வெட்டாவிட்டாலும், முன்னுக்கு வந்த முகங்களைத் தமிழில் எழுதினேன். இரண்டாவது வண்டியில் ஏறும் பெண், முன்பல் இரண்டு இல்லை, சிரிக்கிறார். குதிரையின் வாரைப் பிடித்திருப்பவர், இடது கண் வீக்கம், யாரையோ பார்த்துப் பயந்த பார்வை. இப்படித்தான் எல்லாமே. படம் பார்க்கக்கூடாது என்ற சட்டத்தை நான் தினமும் மீறினேன். ஃபிறாவ் எக்லி ஒரு நாள் ஓர் அட்டையைத் திருப்பி, நெடுநேரம் பார்த்துவிட்டு, பழைய இடத்தில் வைத்தார். அடுத்த முறை அச்சடித்து வந்த அட்டைகளில் பின்பக்கமும் கோடு போட்டிருந்தது.

தொலைபேசியில் கேட்ட பெண்மணிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். எல்லா அட்டைகளையும் மொழிபெயர்த்துத் தருகிறேன், நேரம் இருக்கிறது. ஆனால் தொண்ணூற்றைந்தில் வந்த புல்லுவெட்டுப் படத்தின் அட்டையை முதலில் எடுக்கட்டும். முன்பக்கம் ஃபிறாவ் எக்லியின் கையெழுத்து இருக்கும். பின்பக்கம் அந்தத் திங்கட்கிழமை முதன்முதலாக எழுதிய, என் எழுத்தில் நாலு சின்ன வரி இருக்கும்.

படலையால் வந்தவர். கறுப்புச் சட்டை. வாளி இடது கையில். முகம் தெரியாது.